தொட்டிக்குள் மூச்சுமுட்டும் வேர்: வீட்டுச் செடிகள் ஏன் அழுகிச் சாகின்றன?

செத்துப்போன வீட்டுச் செடியைக் குப்பையில் போடுவதற்கு முன் தொட்டியைக் கவிழ்த்து வேரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நீரில்லாமல் காய்ந்த செடி என்றால் வேர் சுள்ளிபோல ஒடியும். மண்கட்டி சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகி நிற்கும். பெரும்பாலான தொட்டிகளில் தெரிவது அதுவல்ல. மண் கனத்து, சொதசொதவென்று, லேசான சாக்கடை வாடையோடு இருக்கும். வேர் பழுப்பேறிக் கொழகொழத்துக் கிடக்கும். ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வரும். நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் தொங்கும். இதுதான் வேரழுகல். அந்தச் செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்ற மறக்கவில்லை என்பதற்கு அந்த நூலே சாட்சி.

"தண்ணீர் அதிகமாகிவிட்டது" என்று காரணம் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. அதே செடி, அதே தொட்டி, அதே ஒரு குவளைத் தண்ணீர். ஜன்னலோரம் வைத்தால் மூன்று நாளில் மண் உலர்ந்துவிடும், அறை மூலையில் வைத்தால் இரண்டு வாரமானாலும் ஈரம் போகாது. தண்ணீரின் அளவு மாறவில்லை. மாறியது வெளிச்சம். வீட்டுக்குள் செடி வளர்ப்பதில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கண் சொல்லும் பொய்

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயிலில் திறந்தவெளியில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வெளியே, வானம் தெரியும் நிழலில் 10,000-க்கு மேல். வீட்டுக்குள் ஜன்னலை ஒட்டி, நேர்வெயில் படாத இடத்தில் 1,000 முதல் 5,000 வரை. அங்கிருந்து மூன்று மீட்டர் உள்ளே வந்தால் பெரும்பாலும் 100, 200 என்று இறங்கிவிடும். நம் கண்ணுக்கு இந்த வித்தியாசம் உறைப்பதில்லை. 300 லக்ஸில் புத்தகம் வாசிக்கலாம். அறை 'நல்ல வெளிச்சமாக' இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். செடிக்கு அது அந்தி நேரம்.

இலை தயாரிக்கும் உணவும், உயிரோடிருக்க அது செலவழிக்கும் உணவும் சரிக்குச் சரியாக நிற்கும் ஒரு வெளிச்ச அளவு ஒவ்வொரு செடிக்கும் உண்டு. அதற்குக் கீழே போனால் செடி சேமிப்பைத் தின்னத் தொடங்கும். தண்டிலும் வேரிலும் கையிருப்பு உள்ளவரை பச்சையாகவே நிற்கும். அதனால்தான் வாங்கிவந்து மூன்று நான்கு மாதம் வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிகிறது. 'வெளிச்சம் அதிகம் தேவையில்லாத செடி' என்ற சீட்டைப் பல சமயம் 'வெளிச்சம் இல்லாத இடத்தில் மெதுவாகச் சாகும் செடி' என்று படித்துக்கொள்வதே சரி.

தண்ணீர்க் கணக்கும் இதோடு பின்னிக்கொண்டதுதான். வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. அந்தத் துளைகள் பெரும்பாலான செடிகளில் வெளிச்சம் பட்டால்தான் திறக்கும். வெளிச்சம் குறைந்தால் துளைகள் சுருங்கும், செடி குடிப்பது குறையும், மண் ஈரமாகவே கிடக்கும்.

வெளிச்சத்தை அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் உண்டு. துல்லியம் சுமார்தான் என்றாலும் ஜன்னலோரத்துக்கும் மூலைக்கும் உள்ள பத்து மடங்கு, இருபது மடங்கு வித்தியாசத்தைக் காட்ட அது போதும். அதுவும் இல்லையென்றால், நடுப்பகலில் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு 30 செ.மீ. மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் கூர்மையான நிழல் விழுந்தால் பூச்செடிக்கும் கள்ளிவகைக்கும் தகும். கை என்று மட்டும் தெரியும் மங்கல் நிழல் என்றால் இலைச் செடிகளுக்குச் சரி. நிழலே விழவில்லையா? அங்கே பொம்மை வைக்கலாம்.

மணி பிளான்ட், அக்லோனிமா, இசட்இசட் செடி, ஸ்னேக் பிளான்ட் எனப்படும் மருள் வகைகள் எல்லாம் 500 முதல் 1,000 லக்ஸில் தாக்குப்பிடிக்கும். ஆனால் 2,000-க்கு மேல் கிடைத்தால்தான் வளர்கின்றன என்று சொல்லத்தக்கபடி வளரும். ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் பூக்க 10,000 முதல் 15,000 வரை வேண்டும். வெளிச்சம் போதவில்லை என்பதைச் செடியே சொல்லும்: கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், புது இலை பழையதைவிடச் சிறுக்கும், வெள்ளை மஞ்சள் தீற்றல் உள்ள வகைகள் முழுப் பச்சைக்குத் திரும்பும்.

ஜன்னல் போதாத வீட்டில் எல்இடி விளக்கு உதவும். ஊதா நிறத்தில் எரியும் விளக்குதான் வேண்டும் என்பதில்லை. சாதாரண வெள்ளை எல்இடியிலும் செடிக்குத் தேவையான நிறங்கள் இருக்கின்றன. தூரம்தான் முக்கியம். கூரையில் தொங்கும் விளக்கு செடிக்குப் பயன்படாது. இலையிலிருந்து 30 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். நாளுக்கு 12 மணி நேரம், ஒரு டைமர் போட்டுவிட்டால் தீர்ந்தது. இரவு முழுக்க எரியவிடக் கூடாது.

ஸ்பாஞ்சு காட்டும் பாடம்

தலைப்பில் மூச்சு என்று சொன்னது உவமையல்ல. வேருக்கு ஆக்சிஜன் வேண்டும். மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றறைகள் வழியே அது வேரை அடைகிறது. அந்த அறைகள் நீரால் அடைபட்டால், நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. வேர்நுனிகள் முதலில் சாகும். பித்தியம், ஃபைட்டாப்தோரா போன்ற நீர்ப்பூஞ்சைகள் அங்கே நுழைந்து மீதியை முடித்துவைக்கும்.

தொட்டிக்குள் இது தரையைவிட எளிதில் நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பாத்திரம் தேய்க்கும் செவ்வகமான ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் நன்றாக முக்கி, பிழியாமல், படுக்கைவாட்டில் கையில் ஏந்துங்கள். சொட்டுவது நிற்கட்டும். இப்போது அதைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி நீர் வடியும். ஸ்பாஞ்சு அதேதான், உயரம்தான் கூடியது. நுண்துளைகள் நீரைப் பிடித்துவைக்கும் விசை அடியில் ஒரு குறிப்பிட்ட உயரம் வரைக்கும் புவியீர்ப்பை எதிர்த்து நிற்கும். அந்த உயரம் மண்கலவையின் தன்மையைப் பொறுத்தது, தொட்டியைப் பொறுத்ததல்ல. ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் அப்படி ஓர் ஊறிய அடுக்கு எப்போதும் உண்டு. தொட்டி குட்டையாக இருந்தால் அந்த அடுக்கே பாதித் தொட்டியாகிவிடும்.

அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்ற நம்பிக்கை இங்கேதான் பிசகுகிறது. நுண்துளை மண்ணிலிருந்து நீர் பெரிய இடைவெளி உள்ள கல்லுக்குள் லேசில் இறங்காது, மேலேயே தங்கும். ஊறிய அடுக்கு அப்படியே கல்லின் உயரத்துக்கு மேலே ஏறி, வேருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓட்டையில் மண் கொட்டாமலிருக்க ஒரு துண்டு வலையோ ஓட்டுச்சில்லோ போதும்.

ஊறிய அடுக்கைக் குறைக்கக் கலவையில் பெருந்துகள்கள் வேண்டும். தோட்டத்து மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பினால் சில மாதத்தில் இறுகிச் செங்கல்லாகிவிடும். இலைச் செடிகளுக்குத் தென்னை நார்க்கழிவு 2 பங்கு, பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூட்டில் பொரித்த, எடையில்லாத வெள்ளைத் துகள்) 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு என்ற அளவு பெரும்பாலும் பிழைக்காது. பெர்லைட் இல்லையென்றால் 2 முதல் 4 மி.மீ. பருமனுள்ள, தூசி போகக் கழுவிய மணல். நைஸ் மணல் காற்றறைகளை அடைத்துக் காரியத்தைக் கெடுத்துவிடும். கள்ளி, கற்றாழை வகைகளுக்குக் கலவையில் பாதியாவது பெருமணலோ பெர்லைட்டோ இருக்கட்டும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். ஊறவைத்து, வடிநீரின் பழுப்பு வெளிறும் வரை இரண்டு மூன்று முறை அலசாமல் பயன்படுத்தினால் சில வாரங்களில் இலைநுனி கருகும்.

தொட்டி மாற்றும்போது ஆசைப்படக் கூடாது. 15 செ.மீ. தொட்டிக்கு அடுத்தது 18 முதல் 20 செ.மீ. தொட்டி. 'வளர இடம் இருக்கட்டும்' என்று 30 செ.மீ. தொட்டியில் நட்டால், வேர் எட்டாத மண் முழுக்க உலராமல் ஊறிக்கிடந்து அழுகலை வரவழைக்கும். ஓட்டையில்லாத அழகுத் தொட்டிக்குள் சிறு தொட்டியை இறக்கிவைப்பவர்கள், நீர் ஊற்றி அரைமணி கழித்து உள்தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டங்குல நீர் நிற்பது இந்த ஏற்பாட்டில் சகஜம்.

எப்போது ஊற்றுவது

'வாரம் இருமுறை' என்ற கணக்கை விட்டுவிடுங்கள். விரலை இரண்டாம் கணு வரை, ஏறக்குறைய 5 செ.மீ., மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். ஆழமான தொட்டியில் மூங்கில் குச்சி ஒன்றை அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால், மண் ஒட்டி நிறம் மாறியிருக்கும் பகுதி வரை ஈரம் இருக்கிறது என்று பொருள். நாளடைவில் தொட்டியைத் தூக்கும்போதே கை எடையைச் சொல்லிவிடும். இதைவிட நல்ல கருவி கிடையாது. ஸ்னேக் பிளான்ட், இசட்இசட் போன்றவற்றுக்குத் தொட்டி அடிவரை உலர்ந்த பிறகுதான் தண்ணீர்.

ஊற்றும்போது முழுசாக ஊற்றுங்கள். அடியோட்டை வழியே, ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்காவது வெளியேற வேண்டும்; அடித்தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். தினம் ஒரு கை நீர் தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும், உப்பு வடியாமல் சேரும். முற்றிலும் காய்ந்த மண்கட்டியில் ஊற்றினால் நீர் ஓரத்து இடுக்கு வழியே ஓடிவிடும், உள்ளே நனையாது. அப்போது தொட்டியை ஒரு வாளி நீரில் அரைமணி நேரம் அமுக்கிவைத்து, பிறகு நன்றாக வடியவிட வேண்டும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. வேர் காய்ந்தாலும் இலை துவளும், வேர் அழுகினாலும் இலை துவளும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது; செடி நீருக்குள் நின்றபடி தாகத்தில் வாடும். துவண்டதைப் பார்த்ததும் ஓடிப்போய் மேலும் ஒரு குவளை ஊற்றுகிறோம். மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் துவளலுக்கு மருந்து தரக் கூடாது.

இலையைப் படித்தல்

அடியிலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வது மூப்பு. அடியிலைகள் வரிசையாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். தழைச்சத்து செடிக்குள் நகரக்கூடியது என்பதால் பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. இரும்பு அப்படி நகராது. எனவே குருத்திலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் கோளாறு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாததால் அல்ல, கடினநீரால் காரத்தன்மை ஏறி, இரும்பு கரையாமல் போனதால்.

பழுப்பேறிய நுனிக்கு எல்லோரும் காற்றின் வறட்சியைக் குறைசொல்வார்கள். மண்மேல் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது உப்பு. இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் நான்கு முதல் ஆறு லிட்டர் நீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் நல்லது. ஸ்பைடர் பிளான்டுக்கும் டிரசீனாவுக்கும் குழாய்நீரில் உள்ள ஃபுளோரைடும் ஆகாது. நீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், ஃபுளோரைடு போகாது; இவற்றுக்கு மழைநீர் சிறந்தது.

உரம் வெளிச்சத்துக்கு மாற்று அல்ல. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 20-20-20 போன்ற கரையும் உரத்தை, பொட்டலத்தில் சொன்ன அளவில் கால்பங்காகக் குறைத்து, புதுக் குருத்து விடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தரலாம். காய்ந்த மண்ணில் உரநீர் ஊற்றினால் வேர் கருகும். வளராமல் நிற்கும் செடிக்கு உரம் போட வேண்டாம்.

இலைமேல் நீர் தெளிப்பது ஈரப்பதத்தைச் சில நிமிடங்களுக்குத்தான் கூட்டுகிறது. செடிகளை நெருக்கமாக வைப்பதும், ஏசி காற்று நேராகப் படாமல் தள்ளிவைப்பதும் அதைவிட மேல். உண்மையிலேயே ஈரக்காற்று கேட்கும் பெரணிகளுக்குக் கண்ணாடிப் பெட்டிதான் வழி. அதைக் கண்டறிந்தது ஒரு தற்செயல். லண்டன் மருத்துவர் நதானியேல் பேக்ஷா வார்டு 1829-இல் ஒரு விட்டில் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு போத்தலில் மூடிவைத்தார். போத்தலுக்குள் பெரணியும் புல்லும் முளைத்தன. நகரத்து நிலக்கரிப் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் பிழைக்காதபோது, உள்ளே ஆவியான நீரே திரும்பச் சொட்டும் போத்தலில் அவை பிழைத்தன. 1833-இல் அவருடைய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் கடல் தாண்டி சிட்னிக்கு உயிரோடு போய்ச்சேர்ந்தன. வெப்பமண்டலக் காட்டின் அடித்தளச் செடிகள் பல உலகெங்கும் வரவேற்பறைகளுக்கு வந்ததில் அந்தப் பெட்டிகளுக்குப் பங்குண்டு.

காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நம்பிச் செடி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பேச்சு நாசாவின் 1989 ஆய்விலிருந்து வந்தது. அது அடைத்த சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. 2019-இல் வெளிவந்த ஒரு மறுபரிசீலனை, ஜன்னல் கதவு வழியே இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டது. ஸ்னேக் பிளான்ட் இரவில் ஆக்சிஜன் தரும் என்பதும் தவறு. அது இரவில் துளை திறந்து கரியமில வாயுவை எடுத்துச் சேமிக்கும்; ஆக்சிஜன் உருவாவதற்கு வெளிச்சம் வேண்டும்.

பூ ஏன் வரவில்லை

கடையில் பூவோடு வாங்கிய பீஸ் லில்லி வீட்டில் மறுபடி பூக்காமல் நிற்பது பொதுவான புகார். வணிகப் பண்ணைகள் ஜிபரெல்லிக் அமிலம் (ஜிபரெல்லின் எனும் செடி ஹார்மோன்களில் ஒன்று) தெளித்து அதைக் காலந்தவறிப் பூக்கவைப்பதுண்டு. அந்த மருந்தின் வேலை முடிந்தபின் செடி தன் வெளிச்சத்தை நம்பித்தான் பூக்க வேண்டும். ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள், நேர்வெயில் படாமல் வைத்தால் பெரும்பாலும் பூக்கும். (நாம் பூ என்று சொல்லும் வெள்ளை உண்மையில் பூவைச் சுற்றிய மடல், பூக்கள் நடுவிலுள்ள தண்டில் பொடிப்பொடியாக இருக்கின்றன. ஆந்தூரியமும் அப்படியே.) மணி பிளான்ட் பூப்பது அரிதினும் அரிது, போதிய ஜிபரெல்லினைத் தயாரிக்கவேண்டிய மரபணு அதில் சரிவர இயங்குவதில்லை என்று 2016-இல் கண்டறிந்தார்கள். அதனிடம் பூ எதிர்பார்க்க வேண்டாம்.

சில செடிகளுக்கு வெளிச்சத்தைவிட இருட்டு முக்கியம். பகலின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கும் என்று கார்னர், அல்லார்டு என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1920-இல் எடுத்துக்காட்டினர்; செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை என்பது பின்னால் தெரிந்தது. கலாஞ்சோவும் பாயின்செட்டியாவும் அந்த வகை. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு, இரவில் 14 மணி நேரம் தொடர்ச்சியான இருட்டு வேண்டும். வரவேற்பறை விளக்கு இரவு பதினொன்று வரை எரிந்தால் அவை இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். மாலை ஐந்துக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை ஏழுக்குத் திறப்பது எளிய வழி. ஃபெலனாப்சிஸுக்கோ குளிர்ச்சி வேண்டும்: வெப்பம் சில வாரங்கள் 25 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் பூந்தண்டு தள்ளும். வெப்பமான வீட்டில் இலை கொழுத்து, பூ வராமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

பூச்சிகள்

புதுச் செடியை இரண்டு மூன்று வாரம் தனியே வைப்பது, பின்னால் படும் பாட்டைப் பெருமளவு மிச்சப்படுத்தும். இலைக்காம்பு இடுக்கில் பஞ்சுத்துணுக்கு போலத் தெரிவது மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து ஒவ்வொன்றாகத் துடையுங்கள். இலை மங்கிப் புள்ளிபுள்ளியாக வெளிறினால், அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்கள்; விழுந்த தூசி நகர்ந்தால் அது செஞ்சிலந்தி. குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தை நீரால் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புத் திரவமும் கலந்து தெளியுங்கள். ஒருமுறை போதாது. முட்டைகள் தப்பிவிடும் என்பதால் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை தெளிக்க வேண்டும். பாதியில் விடுவதால்தான் 'மருந்து கேட்கவில்லை' என்ற பேச்சு வருகிறது.

மண்ணைச் சுற்றிப் பறக்கும் பொடிக் கொசுக்கள் வேறு கதை. அவற்றின் புழு மேல்மண்ணின் ஈரத்திலும் பூஞ்சையிலும் வாழ்கிறது. மேலே 3 செ.மீ. உலரவிட்டாலே இனம் குறையும், பசை தடவிய மஞ்சள் அட்டை மீதியைப் பிடிக்கும். இந்தக் கொசு வந்துவிட்டதென்றால் மண் உலரவே இல்லை என்று பொருள். உடனே வேரைப் பாருங்கள்.

குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் உள்ள வீட்டில் டீஃபன்பேக்கியா, மணி பிளான்ட், பீஸ் லில்லி மூன்றையும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். அவற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயையும் தொண்டையையும் எரித்து வீங்கவைக்கும். பூனை இருந்தால் உண்மையான லில்லி வகைகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் பழுதாகும்.

அழுகல் தொடங்கிய செடியைக் காப்பாற்றுவது

முதலில் சொன்ன கொழகொழ வேர் பாதி அளவில் தெரிந்தால் இன்னும் வழி இருக்கிறது. மண்ணை முழுதும் உதறி, வேரை ஓடும் நீரில் அலசுங்கள். ஆல்கஹாலில் துடைத்த கத்தரியால் பழுப்பு வேரையெல்லாம், வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும் இடம் வரை வெட்டுங்கள். வேர் குறைந்த அளவுக்கு இலையையும் குறைக்க வேண்டியிருக்கும். மிச்ச வேரால் எல்லா இலைக்கும் நீர் தர முடியாது. பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்தாமல், முந்தையதைவிடச் சிறிய தொட்டியில், பெர்லைட் கூட்டிய புதுக் கலவையில் நட்டு, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். உரம் வேண்டாம்.

தண்டின் அடிவரை மென்மையாகிவிட்டதென்றால் வேரை மறந்துவிட்டு மேல்பகுதியைக் காப்பாற்றுங்கள். மணி பிளான்டில் கெட்டியாக உள்ள இடத்தில், ஒரு கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டி, கணு மூழ்கும்படி நீரில் வையுங்கள். கணு இல்லாத இலைக்காம்பு மட்டும் வைத்தால் புதுச் செடி வராது. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை நீர் மாற்றினால், இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை முனைகள் எட்டிப்பார்க்கும். அவை 3 முதல் 5 செ.மீ. நீண்டதும் மண்ணுக்கு மாற்றலாம். அதற்குமேல் நீரிலேயே விட்டால் நீருக்குப் பழகிய வேராகி, மண்ணில் மறுபடி தடுமாறும். இந்தமுறை தொட்டியை ஜன்னலோரம் வையுங்கள்.